கருப்பை வாய்த் தையலின் வரலாறு

கருப்பை வாய்த் தையல் என்பது, கருப்பையின் வாய்ப்பகுதி உரிய காலத்துக்கு முன்பே திறந்து கரு வெளியேறிவிடுவதைத் தடுப்பதற்காக, கர்ப்ப காலத்தில் அப்பகுதியைச் சுற்றிப் போடப்படும் தையல் ஆகும். பேச்சு வழக்கில் இதைக் 'கர்ப்பப்பை வாயில் தையல் போடுவது' என்பர். நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதத்துக்குள் மீண்டும் மீண்டும் குழந்தையை இழக்கும் பெண்களுக்காக இச்சிகிச்சை உருவானது. இன்று உலகெங்கும் செய்யப்படும் இந்த அறுவை முறையின் முதன்மையான வடிவத்தை வகுத்தவர் மும்பையைச் சேர்ந்த மருத்துவர் விட்டல் நாகேஷ் ஷிரோட்கர். அவர் அதை 1955இல் முதன்முதலாக அச்சில் வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ஒரு மருத்துவ இதழில்.

இத்தையலின் வரலாற்றை இரண்டு கேள்விகளின் வரலாறாகப் பிரிக்கலாம். முதல் கேள்வி, 'எப்படித் தைப்பது?' இதற்கு 1950களில் சில ஆண்டுகளிலேயே விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வி, 'யாருக்குத் தைப்பது?' இதற்கு விடை தேட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்தத் தேடல் இன்னும் முடிந்துவிடவில்லை.

கருப்பை வாயின் பணி

கருப்பையின் மேற்பகுதி பெரும்பாலும் தசையால் ஆனது. பிரசவ நேரத்தில் சுருங்கிக் குழந்தையை வெளியே தள்ளுவது இப்பகுதியே. அதன் கீழே குழல்போல் அமைந்திருப்பது கருப்பை வாய். இதைக் கருப்பைக் கழுத்து என்றும் கூறுவர். கருப்பையை நோக்கிய அதன் மேல் முனை உள்வாய் எனவும், யோனியை நோக்கிய கீழ் முனை வெளிவாய் எனவும் அழைக்கப்படும்.

கருப்பை வாயையும் ஒரு தசை வளையமாகவே மருத்துவர்கள் நெடுங்காலம் கருதிவந்தனர். அது பெரும்பாலும் நார்த்திசுவால் ஆனது என்பதை அமெரிக்க மருத்துவர் டேவிட் டான்ஃபோர்த் 1947இல் எடுத்துக்காட்டினார். அந்த நார்த்திசுவின் வலிமைக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரதம். கர்ப்ப காலம் முழுவதும் இறுக்கமாக மூடியிருக்கும் கருப்பை வாய், பிரசவம் நெருங்கும்போது மென்மையாகி, குட்டையாகி, பின் திறக்கிறது.

சிலருக்கு இம்மாற்றம் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பிரசவ வலி இருக்காது; இரத்தப்போக்கும் பெரிதாக இருக்காது. அடிவயிற்றில் ஒரு கனம், முதுகில் லேசான வலி, வெள்ளைப்படுதலில் சிறு மாற்றம் ஆகியவை மட்டுமே தெரியலாம். எதுவுமே தெரியாமலும் போகலாம். பனிக்குடம் உள்வாய் வழியாகக் கீழே இறங்கி உடைகிறது. உயிரோடும் குறையில்லாமலும் இருந்த குழந்தை, வெளியுலகில் பிழைக்க முடியாத பருவத்தில் பிறந்துவிடுகிறது. அடுத்த கர்ப்பத்திலும் இதே போல நிகழலாம்.

வாய் பலவீனமடையப் பல காரணங்கள் உண்டு. முந்தைய பிரசவத்தில் ஏற்பட்ட கிழிசல், கருக்கலைப்பின்போது வாயை அளவுக்கு மீறி விரித்தல், புற்றுநோயையோ அதன் முந்தைய நிலையையோ அகற்றுவதற்காக வாயின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தல், பிறவியிலேயே கொலாஜன் குறைபாடு இருத்தல் ஆகியவை அவற்றுள் சில. காரணம் எதுவும் புலப்படாத பெண்களும் பலர்.

தொடக்ககாலக் குறிப்புகள்

கருப்பை வாயின் தளர்ச்சியால் கரு தங்காமல் போகலாம் என்ற எண்ணம் மிகப் பழமையானது. பிரான்சின் மொன்பெலியே நகர மருத்துவர் லாசார் ரிவியேர் எழுதிய நூலின் ஆங்கில வடிவம் 1650களில் லண்டனில் வெளிவந்தது. கருப்பையின் வாய் தளர்ந்திருந்தால் அது சரியாக மூடிக்கொள்ளாது என்ற கருத்து அதில் காணப்படுகிறது. 1865இல் லான்செட் இதழில் கிரீம் என்பவர் எழுதிய கட்டுரையில், கருப்பை வாய் தன் பணிக்குத் திறனற்றுப்போதல் என்ற பொருள் தரும் சொல்லாட்சி இடம்பெற்றது. அச்சொல்லே பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு இந்நோயின் பெயராக நிலைத்தது.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவர் தாமஸ் அடிஸ் எம்மெட், பிரசவத்தில் கிழிந்த கருப்பை வாயைத் தைத்துச் சரிசெய்யும் அறுவை முறையை வகுத்தார். அந்த அறுவையைக் கருச்சிதைவைத் தடுக்கவும் பயன்படுத்தலாம் என்று லண்டன் மருத்துவர் ஹெர்மன் 1902இல் எழுதினார். ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கருத்து பெரிய கவனத்தைப் பெறவில்லை.

கர்ப்பத்துக்கு முன்பே சரிசெய்தல்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இப்பொருள் மீண்டும் கவனத்துக்கு வந்தது. பாரிஸில் ரவுல் பால்மரும் லாகோமும், உள்வாய் அகன்று திறந்திருப்பது தொடர் கருச்சிதைவுக்குக் காரணமா என்ற கேள்வியை 1948இல் எழுப்பினர். கிழிந்த கருப்பை வாயை அறுவை மூலம் சரிசெய்த ஒரு பெண் அதன்பின் நிறைமாதக் குழந்தையைப் பெற்றதை அவர்கள் சான்றாகக் காட்டினர்.

சிகாகோவைச் சேர்ந்த ஆபிரகாம் லாஷ், சாமுவேல் லாஷ் ஆகியோர் 1950இல் வேறொரு முறையை வெளியிட்டனர். கர்ப்பம் இல்லாத காலத்தில், உள்வாய்ப் பகுதியில் பழுதுபட்ட திசுவை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை இறுக்கித் தைப்பதே அம்முறை.

இதில் இரண்டு தடைகள் இருந்தன. வாய் பலவீனமாக இருப்பதை, கர்ப்பம் இல்லாத காலத்தில் உறுதி செய்வது கடினம். குறிப்பிட்ட தடிமனுள்ள உலோகக் கம்பி தடையின்றி உள்ளே செல்கிறதா என்று பார்ப்பது, சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது போன்ற சோதனைகள் அப்போது வழக்கில் இருந்தன. அவை நம்பத்தகுந்தவை அல்ல என்பது பின்னர் தெளிவாயிற்று. இரண்டாவது தடை, அறுவைக்குப் பின் சிலர் கருத்தரிக்கவே இயலாமல் போனது.

ஹார்மோன் மாத்திரைகளின் காலம்

தொடர்ந்து கருவை இழந்த பெண்களுக்கு அக்காலத்தில் வழக்கமாகச் சொல்லப்பட்டவை இரண்டு: படுக்கையில் ஓய்வு, ஹார்மோன் மருந்து. பாஸ்டனைச் சேர்ந்த ஆலிவ் ஸ்மித், ஜார்ஜ் ஸ்மித் தம்பதியர் 1940களில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கருச்சிதைவுத் தடுப்புக்குப் பரிந்துரைத்தனர். அமெரிக்காவில் மிகப் பெரும் எண்ணிக்கையிலான கர்ப்பிணிகள் அதை உட்கொண்டனர்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் டீக்மனும் குழுவினரும் 1953இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு அம்மருந்தும் மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லா மாத்திரையும் தரப்பட்டன. மருந்தால் பயன் எதுவும் இல்லை என்று அந்த ஆய்வு காட்டியது. ஆயினும் மருத்துவர்கள் அதை எழுதித் தருவது நிற்கவில்லை. தாயின் வயிற்றில் இருந்தபோது அம்மருந்துக்கு ஆளான இளம்பெண்களுக்கு ஓர் அரிய யோனிப் புற்றுநோய் வருவதை 1971இல் ஹெர்பஸ்டும் குழுவினரும் கண்டறிந்த பிறகே கர்ப்பிணிகளுக்கு அது கூடாது என்ற எச்சரிக்கை வந்தது. அப்பெண்களுள் பலருக்குக் கருப்பையின் வடிவத்திலும் வாயின் அமைப்பிலும் குறைகள் இருந்தன. தாயின் கர்ப்பத்தைக் காக்கத் தரப்பட்ட மருந்தே மகளின் கர்ப்பத்தைத் தளரச் செய்தது.

ஷிரோட்கரின் தையல்

விட்டல் நாகேஷ் ஷிரோட்கர் 1899இல் கோவாவின் ஷிரோடா என்னும் ஊரில் பிறந்தார். மும்பை கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். 1931இல் இங்கிலாந்தில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றுத் திரும்பிய பின், அதே கல்லூரியில் மகப்பேறு, மகளிர் நோய்த் துறையின் கௌரவப் பேராசிரியராகப் பணியாற்றினார். கருப்பை இறக்கத்துக்கான தொங்கு பட்டை அறுவையும் அவர் பெயரால் வழங்குகிறது. உடலின் சொந்தத் திசுவைப் பட்டையாக வெட்டி எடுத்து, தளர்ந்த உறுப்பைத் தாங்கச் செய்யும் நுட்பத்தில் அவருக்குத் தேர்ச்சி இருந்தது. கருப்பை வாய்த் தையலிலும் அந்தத் தேர்ச்சியே கைகொடுத்தது.

நான்காம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையே கருவை இழக்கும் பெண்களில் ஒரு பிரிவினருக்கு ஓய்வும் ஹார்மோனும் பயன் தரவில்லை என்பதை ஷிரோட்கர் கவனித்தார். கர்ப்ப காலத்திலேயே அவர்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து, உள்வாய் மெல்ல மெல்லத் தளர்வதை விரலால் உணர்ந்து உறுதி செய்துகொண்டார். லாஷ் முறையிலிருந்து அவர் விலகியது இங்குதான். பலவீனம் வெளிப்படுவது கர்ப்ப காலத்தில். ஆகவே சிகிச்சையும் அப்போதே செய்யப்பட வேண்டும் என்று அவர் கருதினார். கர்ப்பிணியின் கருப்பை வாயில் கத்தி வைப்பது அன்றைய நிலையில் துணிச்சலான முடிவு.

அவருடைய முறை இது. கருப்பை வாயின் முன்புறம் யோனியின் மேல்தோலை வெட்டி, சிறுநீர்ப்பையை மேலே தள்ளி, உள்வாயின் மட்டத்தை அடைய வேண்டும். பின்புறமும் அவ்வாறே ஒரு வெட்டு. பின்னர், பெண்ணின் தொடையிலிருந்து எடுத்த உறுதியான நார்ச்சவ்வுப் பட்டையைத் தோலுக்கு அடியில் செலுத்தி, உள்வாயைச் சுற்றி வளைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். அதன்மேல் தோலை மூடித் தைத்துவிட வேண்டும். பட்டை உள்ளே புதைந்து, வாயைத் தாங்கும் வளையமாக நின்றுவிடும். பின்னாளில் நார்ச்சவ்வுக்குப் பதிலாகச் செயற்கை இழையால் ஆன நாடா பயன்பாட்டுக்கு வந்தது. அதனால் தொடையில் ஒரு கூடுதல் அறுவை தேவைப்படாமல் போனது.

சென்னை இதழில் வெளிவந்த கட்டுரை

இம்முறையை விளக்கும் ஷிரோட்கரின் கட்டுரை 1955இல் 'தி ஆன்டிசெப்டிக்' என்ற மாத இதழில் வெளியானது. சென்னையில் மருத்துவர் யூ. ராமா ராவ் 1904இல் தொடங்கிய இதழ் அது. இந்தியாவில் ஊர்தோறும் தொழில் செய்துவந்த மருத்துவர்கள் படித்துவந்த இதழாக அது விளங்கியது. தொடர் கருச்சிதைவு பற்றிய உலகின் எந்தப் பாடநூலிலும் மேற்கோளாகக் காட்டப்படும் அடிப்படைக் கட்டுரை லண்டனிலோ நியூயார்க்கிலோ அன்றி, சென்னையில் அச்சானது.

சுருக்கமான அக்கட்டுரை சுமார் முப்பது பெண்களைப் பற்றிய அனுபவத்தின் அடிப்படையில் எழுதப்பட்டது. பல கர்ப்பங்களை இழந்து, வேறு வழியின்றி வந்தவர்கள் அவர்கள்.

செய்தி விரைவில் பரவியது. கல்கத்தாவில் பல ஆண்டுகள் பணியாற்றிப் பின் லண்டன் திரும்பியிருந்த விவியன் கிரீன் ஆர்மிடேஜ், மெக்லூர் பிரவுனுடன் சேர்ந்து 1957இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் உள்வாய்க் குறைபாடு பற்றி எழுதினார். ஷிரோட்கர் தம் அறுவை முறைகளைத் தொகுத்து எழுதிய நூல் 1960இல் எடின்பரோவிலிருந்து வெளிவந்தது. அவருக்கு 1960இல் பத்மபூஷண் விருதும் 1971இல் பத்மவிபூஷண் விருதும் வழங்கப்பட்டன. 1971 மார்ச்சில் அவர் காலமானார்.

மெக்டொனால்டின் எளிய வழி

ஷிரோட்கரின் அறுவைக்கு நல்ல பயிற்சி வேண்டும். சிறுநீர்ப்பையை விலக்கும்போது காயம் நேரலாம். புதைந்த பட்டையை அகற்றுவதும் எளிதல்ல. அதனால் பலருக்குச் சிசேரியன் தேவைப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவர் இயன் மெக்டொனால்ட் 1957இல் எளிய மாற்று ஒன்றை வெளியிட்டார். சுருக்குப் பையின் வாயில் கயிற்றைக் கோத்து இழுப்பது போன்றது அது. தோலை வெட்டாமல், சிறுநீர்ப்பையை விலக்காமல், வெளியில் தெரியும் கருப்பை வாயைச் சுற்றி ஊசியை நான்கைந்து முறை உள்ளே செலுத்தி எடுத்து, நூலை இழுத்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும். முடிச்சின் நுனி வெளியே தெரியுமாறு விடப்படும். நிறைமாதம் நெருங்கும்போது அதைப் பிடித்து வெட்டி நூலை உருவிவிடலாம். எனினும் இதற்கும் மயக்க மருந்து தேவை. மெக்டொனால்ட் தம் கட்டுரையில் 70 பெண்களின் விவரங்களைத் தந்திருந்தார்.

தையல் அமையும் இடம் ஷிரோட்கர் முறையில் உயரமானது. மெக்டொனால்ட் முறையில் சற்றுத் தாழ்வானது. எனினும் செய்வதற்கு எளிது என்பதால் மெக்டொனால்ட் முறையே உலகெங்கும் அதிகமாகப் பரவியது.

வயிற்றின் வழியாகத் தைத்தல்

யோனி வழியாகத் தைக்கவே இயலாதவர்களும் உண்டு. முந்தைய அறுவைகளால் கருப்பை வாய் மிகக் குட்டையாகிவிட்டவர்கள், ஆழமான கிழிசல் உள்ளவர்கள், ஏற்கெனவே தையல் போட்டும் குழந்தையை இழந்தவர்கள் ஆகியோர் இவ்வகையினர். அமெரிக்காவின் பென்சன், டர்ஃபி ஆகியோர் 1965இல் வயிற்றைத் திறந்து, கருப்பையும் அதன் வாயும் சேரும் இடத்தில் நாடாவைக் கட்டும் முறையை வெளியிட்டனர். இவ்வாறு கட்டப்பட்டால் சிசேரியன் மூலமே குழந்தை பிறக்க வேண்டும். நாடாவை அகற்றாமல் அடுத்த கர்ப்பத்துக்கும் விட்டுவைக்கலாம். 1990களின் இறுதியிலிருந்து இதை லேப்ராஸ்கோப்பி மூலமும் செய்கின்றனர்.

வெற்றிக் கணக்கில் இருந்த சிக்கல்

1960கள், 70களில் வெளிவந்த அறிக்கைகள் ஏறக்குறைய அனைத்தும் ஒரே பாணியில் அமைந்தவை. தையலுக்கு முன் அப்பெண்களுக்கு எத்தனை குழந்தைகள் பிழைத்தன, தையலுக்குப் பின் எத்தனை பிழைத்தன என்று அவை ஒப்பிட்டன. முன்பு மிகக் குறைவு. பின்பு மிக அதிகம். தையலின் வெற்றி ஐயத்துக்கு இடமற்றதாகத் தோன்றியது.

இந்த ஒப்பீட்டில் ஒரு குறை உண்டு. தையல் போடத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் கருவை இழந்த பெண்களே. ஆகவே அவர்களின் 'முன்பு' கணக்கு எப்போதும் மோசமாகவே இருக்கும். ஆனால் ஒருமுறையோ இருமுறையோ நடுக்கர்ப்பத்தில் குழந்தையை இழந்த பெண்களில் பெரும்பாலோர், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே அடுத்த கர்ப்பத்தில் நல்லபடியாகப் பெற்றெடுக்கின்றனர். முந்தைய இழப்புக்குக் கிருமித்தொற்றோ வேறு காரணமோ இருந்திருக்கலாம். அத்தகையவர்களுக்குத் தையல் போட்டால், இயல்பாகவே நிகழவிருந்த நல்ல பிரசவமும் தையலின் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதைச் சரிபார்க்க ஒரே வழி, ஒத்த நிலையில் உள்ள பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் தையல் போட்டுப் பார்ப்பது. குழந்தையை இழந்த ஒரு பெண்ணிடம் 'உனக்குத் தையல் உண்டா இல்லையா என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும்' என்று சொல்வது எளிதல்ல. மருத்துவர்கள் தயங்கியதில் வியப்பில்லை. ஷிரோட்கரின் கட்டுரை வெளிவந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்தே, 1984இல், அத்தகைய இரு ஆய்வுகள் வெளிவந்தன. பிரான்சில் 506 பெண்களிடமும் தென்னாப்பிரிக்காவில் 194 பெண்களிடமும் அவை நடத்தப்பட்டன. இரண்டிலும் தையலால் பயன் தென்படவில்லை.

1993ஆம் ஆண்டின் பெரிய ஆய்வு

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் அரச மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் இணைந்து 12 நாடுகளில் 1292 பெண்களிடம் நடத்திய ஆய்வின் இறுதி முடிவு 1993இல் வெளியானது. தையல் தேவையா இல்லையா என்று மருத்துவருக்கே உறுதியில்லாத பெண்கள் இதில் சேர்க்கப்பட்டனர்.

33 வாரங்களுக்கு முன் பிரசவமானவர்கள் தையல் போட்ட பிரிவில் 13 விழுக்காடு. போடாத பிரிவில் 17 விழுக்காடு. அதாவது, ஏறத்தாழ 25 பெண்களுக்குத் தையல் போட்டால் ஒருவருக்கு அதனால் பயன் கிடைக்கும். தையல் போடாத பிரிவிலும் 83 விழுக்காட்டினர் 33 வாரங்களைக் கடந்துவிட்டனர் என்பதே முந்தைய வெற்றிக் கணக்குகளைப் புரிந்துகொள்ள உதவும் எண். எல்லோருக்கும் தையல் போடும் ஒரு மருத்துவர் தம்மிடம் வந்தவர்களில் 87 விழுக்காட்டினர் அந்த எல்லையைக் கடந்ததைக் காண்பார். அத்தனையும் தையலால் விளைந்தது என்று நம்புவார். உண்மையில் தையல் சேர்த்தது நான்கு விழுக்காடு மட்டுமே. தையலுக்கு விலையும் இருந்தது: பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் வருவது இரு மடங்காக இருந்தது.

அதே ஆய்வில் ஒரு சிறு பிரிவினரின் முடிவு முற்றிலும் வேறாக இருந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நடுக்கர்ப்ப இழப்போ குறைப்பிரசவமோ நேர்ந்த பெண்களில், 33 வாரங்களுக்கு முன் பிரசவமானவர்கள் தையல் போடாதவர்களில் 32 விழுக்காடு, போட்டவர்களில் 15 விழுக்காடு. பாதிக்கும் குறைவு. ஷிரோட்கர் 1955இல் தேர்ந்தெடுத்த பெண்கள் இத்தகையவர்களே. அவர் கண்டது மெய். அவருக்குப் பின் வந்தவர்கள் அதே தையலை, ஒரே ஓர் இழப்பைச் சந்தித்தவர்களுக்கும் விரிவுபடுத்தியபோதுதான் பயன் கரைந்துபோனது.

ஸ்கேன் அளந்து காட்டிய நீளம்

பலவீனமான வாயை விரலால் உணர்வதற்குப் பதிலாக, கண்ணால் அளக்கும் வழியை யோனி வழி ஸ்கேன் தந்தது. அமெரிக்காவில் ஐயம்ஸும் குழுவினரும் 2915 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட முடிவின்படி, 24ஆம் வாரத்தில் கருப்பை வாயின் சராசரி நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். அது குறையக் குறையக் குறைப்பிரசவத்தின் வாய்ப்பு கூடியது. பலவீனம் என்பது 'உண்டு', 'இல்லை' என்று இரண்டாகப் பிரிக்கத்தக்கதல்ல. சிறிது சிறிதாக மாறுபடும் ஒன்று என்ற புரிதல் இதனால் வலுப்பெற்றது.

குட்டையான வாய் கொண்ட அனைவருக்கும் தையல் போடலாமா என்ற கேள்வி உடனே எழுந்தது. 2000க்குப் பின் நடந்த ஆய்வுகள் தந்த விடை சிக்கலானது. முன்பு குறைப்பிரசவம் ஏற்படாத பெண்ணுக்கு, ஸ்கேனில் வாய் குட்டையாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் தையல் போடுவதால் தெளிவான பயன் காணப்படவில்லை. முன்பு குறைப்பிரசவம் நேர்ந்து, இக்கர்ப்பத்திலும் வாய் 25 மில்லிமீட்டருக்குக் கீழே குறைந்த பெண்களுக்குப் பயன் இருந்தது. 2009இல் ஓவனும் குழுவினரும் சுமார் 300 பெண்களிடம் நடத்திய ஆய்வில் தையல் போட்டவர்களிடம் குழந்தை இறப்பு குறைந்தது. வாய் 15 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தவர்களுக்குப் பயன் மிகுதியாக இருந்தது. இரட்டைக் குழந்தைகளைச் சுமந்தவர்களுக்கு வாயின் நீளத்தை மட்டும் வைத்துத் தையல் போட்டபோது, குறைப்பிரசவம் கூடியதாக 2005இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

மாற்று வழிகளும் இதே காலத்தில் சோதிக்கப்பட்டன. வாய் மிகக் குட்டையான பெண்களுக்கு யோனியில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்து 34 வாரங்களுக்கு முந்தைய பிரசவத்தை 34.4 விழுக்காட்டிலிருந்து 19.2 விழுக்காடாகக் குறைத்ததாக 2007இல் ஃபொன்சேகாவும் குழுவினரும் அறிவித்தனர். வாயைச் சுற்றிப் பொருத்தும் சிலிக்கோன் வளையம் முதலில் நம்பிக்கை தந்தது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை.

நூலும் கிருமியும்

2010க்குப் பின் ஆய்வாளர்களின் கவனம் நூலின் பக்கம் திரும்பியது. பின்னிய நாடா உறுதியானது. ஆனால் அதன் இழைகளுக்கிடையே கிருமிகள் தங்கலாம். ஒற்றை இழை நூல் வழவழப்பானது. கிருமிகள் எளிதில் ஒட்டாது. இக்கருத்தை முன்னிட்டுப் பிரிட்டனில் 2049 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2022இல் வெளியானது. குழந்தையை இழந்தவர்கள் ஒற்றை இழை நூல் பிரிவில் 8.0 விழுக்காடு, பின்னிய நூல் பிரிவில் 7.6 விழுக்காடு. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும் ஒரு விளக்கம் சோதனையில் நிலைக்காமல் போவதற்கு இது மற்றோர் எடுத்துக்காட்டு.

தையல் அமையும் உயரம் பற்றிய ஐயத்துக்குத் தெளிவான விடை கிடைத்தது. முன்பு யோனி வழித் தையல் போட்டும் பலனற்றுப்போன 111 பெண்களிடம் நடத்திய பிரிட்டிஷ் ஆய்வு 2020இல் வெளியானது. 32 வாரங்களுக்கு முன் பிரசவமானவர்கள், வயிற்று வழித் தையலில் 8 விழுக்காடு; தாழ்வான யோனி வழித் தையலில் 33 விழுக்காடு; உயரமான யோனி வழித் தையலில் 38 விழுக்காடு. பென்சனும் டர்ஃபியும் 1965இல் சொன்ன வழி, அதற்கு உரியவர்களிடம் பயன் தருவது இவ்வாறு உறுதியானது.

இன்றைய நடைமுறை

தற்காலத்தில் மூன்று சூழல்களில் இத்தையல் போடப்படுகிறது.

முதலாவது, முந்தைய இழப்புகளின் அடிப்படையில் போடுவது. வழக்கமாக 12 முதல் 14 வாரங்களுக்குள், குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில் பார்த்த பின் போடப்படும். எத்தனை இழப்புகள் இருக்க வேண்டும் என்பதில் நாடுகளின் வழிகாட்டுதல்கள் வேறுபடுகின்றன. பிரிட்டனில் மூன்று அல்லது அதற்கு மேல்; அமெரிக்காவில், வலியின்றி வாய் திறந்ததால் நேர்ந்த இழப்பு என்றால் ஒன்றே போதும்.

இரண்டாவது, முன்பு குறைப்பிரசவமோ நடுக்கர்ப்ப இழப்போ நேர்ந்தவர்களை ஸ்கேன் மூலம் கண்காணித்து, 24 வாரங்களுக்கு முன் வாய் 25 மில்லிமீட்டருக்குக் கீழே குறைந்தால் போடுவது. கண்காணிக்கப்படும் பெண்களில் பலருக்கு வாய் குறுகுவதே இல்லை. அவர்கள் தேவையற்ற தையலிலிருந்து தப்புகிறார்கள்.

மூன்றாவது, வாய் திறந்து பனிக்குடம் கண்ணில் படும் நிலையில் அவசரமாகப் போடும் மீட்புத் தையல். கிருமித்தொற்று, இரத்தப்போக்கு, பிரசவ வலி ஆகியவை இருந்தால் இதைச் செய்யக்கூடாது. தொற்று இருக்கும்போது வாயைக் கட்டிவைப்பது தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிக்கலற்ற யோனி வழித் தையல் 36 அல்லது 37ஆம் வாரத்தில் அகற்றப்படுகிறது. அதற்கு முன்பே வலி எடுத்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தையல் இருக்கும் நிலையில் வலி முற்றினால் கருப்பை வாய் கிழியக்கூடும். தையலுக்குப் பின் மாதக்கணக்கில் படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரைக்கு ஆய்வுச் சான்று இல்லை. நீண்ட படுக்கை ஓய்வால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது.

பெயரின் மாற்றம்

1865 முதல் வழங்கிவந்த 'திறனற்ற கருப்பை வாய்' என்ற ஆங்கிலப் பெயரை மருத்துவ உலகம் அண்மைக் காலத்தில் பெரும்பாலும் கைவிட்டு, 'போதாமை' என்ற பொருள் தரும் சொல்லை ஏற்றுள்ளது. குழந்தையை இழந்த பெண்ணின் உடலுக்குத் 'திறனற்றது' என்று பட்டம் சூட்டுவது பழி சொல்வதாகும் என்பது அதற்கு ஒரு காரணம். தமிழில் 'கருப்பை வாய்ப் பலவீனம்' என்பதே பரவலாக வழங்குகிறது. படி ஏறியது, பாரம் தூக்கியது, பயணம் செய்தது என்று குற்றத்தைப் பெண்ணின் மீதே ஏற்றும் வழக்கம் உள்ள சமூகங்களில், இந்த இழப்புக்குக் காரணம் திசுவின் தன்மை என்பதை அறிவதே ஒரு பெரிய ஆறுதல். ஷிரோட்கரின் முறை தையலைத் தந்ததோடு, அந்த விளக்கத்தையும் பரவச் செய்தது.

தையல் இன்றும் ஏறக்குறைய 1950களில் வகுக்கப்பட்ட வடிவிலேயே இருக்கிறது. மாறியிருப்பது, அதைத் தாங்க வேண்டியவர் யார் என்று முடிவு செய்யும் முறை. மூன்று குழந்தைகளை இழந்த பெண்ணுக்கு அது அடுத்த இழப்பின் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கும் சிகிச்சை. தேவையில்லாதவருக்கு அதே தையல், மயக்க மருந்தும் காய்ச்சலும் கவலையும் மட்டுமே தரும் ஒன்று. இவ்விருவரையும் பிரித்தறிய ஸ்கேன் அளவும் முந்தைய கர்ப்பங்களின் விவரமும் உதவுகின்றன. ஆகவே நடுக்கர்ப்பத்தில் ஒருமுறை குழந்தையை இழந்தவர், அது எந்த வாரத்தில் நிகழ்ந்தது, வலி முதலில் வந்ததா, பனிக்குடம் முதலில் உடைந்ததா என்ற விவரங்களைக் குறித்து வைத்து, அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்வது பயன் தரும்.